கயிற்றின் மேல்முனையில்

விசாலியா
பிப்ரவரி 9

அன்புள்ள எலியாஸ் அண்ணனுக்கு,

தங்கை ரெய்னா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை, வடக்கே மலையில் எங்காவது புகை என்று செய்தியில் சொல்கிறார்களா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இப்போது குளிர்காலம், புகை இல்லை, ஆகவே நீ சுகம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் சிறை அலுவலருக்கும் என் வணக்கம். போன தடவை நான் உள்ளே வைத்த ஆரஞ்சுப் பூவை அவர் எடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். இனிமேல் காகிதம் மட்டும்தான்.

சிறையிலிருந்து கைதிகளின் தீயணைப்பு முகாமுக்கு உன்னை மாற்றிய பிறகு உன் கடிதங்கள் நீண்டுவிட்டன. முன்பெல்லாம் "இருக்கிறேன்" என்று ஒரு வரி வரும். இப்போது நீ தேய்த்துத் தீட்டும் கோடரியைப் பற்றியே ஒரு பக்கம் வருகிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தீ பரவாமலிருக்கக் காட்டை வெட்டிக்கொண்டு போகும் வரிசையில் உனக்குக் கடைசி இடம் கொடுத்திருக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. "கடைசியா? ஏன், அவன் மெதுவாவா வேலை செய்யறான்? சின்ன வயசுல தோட்டத்துல அவன் கூடைதானேடி முதல்ல ரொம்பும்" என்றாள்.

டிகிரிதான் முடித்துவிட்டாயே, இன்னும் என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஃப்ரெஸ்னோவில் நான் படித்த உயிரியல், இந்த வேலைக்கு வாசற்படி மட்டும்தான் அண்ணா. இங்கே தீயணைப்பு வண்டியில் ஏற வேண்டுமென்றால் தீயை அணைக்கத் தெரிந்தால் போதாது, உயிரைப் பிடித்துவைக்கவும் தெரிய வேண்டும். அவர்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வழுக்கி விழுந்தவர்களும்தான். அதனால் முதலில் ஆம்புலன்ஸ் அடிப்படைச் சான்றிதழ், பிறகு கொஞ்ச காலம் ஆம்புலன்ஸ் வேலை, பிறகு தீயணைப்புப் பயிற்சிப் பள்ளி. இவை மூன்றும் முடிந்தன. இப்போது, வண்டியிலேயே ஊசி மருந்து கொடுக்கக் கற்றுத்தரும் பாராமெடிக் படிப்பு. வகுப்பு, ஆஸ்பத்திரி, கடைசியாக வண்டியில் நேர்ப் பயிற்சி. அதன்பின் உரிமத் தேர்வு. அதற்கும் பின்னால் துறையின் உடல் தேர்வு, மனநலப் பரிசோதனை, அக்கம்பக்கத்தில் வந்து விசாரணை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டருக்கே இம்புட்டு இருக்காது போல. பேசாம டாக்டராவே ஆயிருக்கலாம், ஏணியாவது ஏற வேண்டாம்" என்றாள். பழம் தரம்பிரிக்கும் கொட்டகையில் அவளோடு வேலை செய்பவர்களிடம் மட்டும் நான் ஏற்கெனவே டாக்டர் ஆகிவிட்டதாகத் தெரிகிறது. திருத்தினால் கோபித்துக்கொள்கிறாள்.

உனக்குப் பயம் இல்லையா என்றும் கேட்டிருந்தாய். பயிற்சிப் பள்ளியில் நடந்த ஒன்றை நான் உனக்கு எழுதவே இல்லை. ஓர் இரும்புக் கன்டெய்னருக்குள் எங்களை வரிசையாக உட்காரவைத்து, மறுமுனையில் பலகைகளுக்குத் தீ வைத்தார்கள். அணைக்கச் சொல்லவில்லை. சும்மா பார்க்கச் சொன்னார்கள். முதலில் புகை மேலே சேர்ந்து, கூரைக்குக் கீழே கறுப்பாக இன்னொரு கூரை கட்டியது. பிறகு அந்தப் புகையே தீப்பிடித்தது. எங்கள் தலைக்கு மேலே நெருப்பு தலைகீழான ஆறு மாதிரி ஓடியது. அலை அடித்தது, சுழித்தது, கதவுப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. சத்தமே இல்லை. பயம் என்று நான் நினைத்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. கோயிலில் மண்டியிட்டிருக்கும்போது வாய் அடைத்துப் போகுமே, அப்படித்தான் இருந்தது. வெளியே வந்ததும் என் பக்கத்தில் இருந்த தடியன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. நீ நாள்தோறும் அதற்கு முன்னால் நிற்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி என் கஷ்டம். போன வாரம் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டேன். பொம்மை நோயாளிதான். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். கையுறை போட்டேன், சுற்றிப் பார்த்தேன், மூச்சுக்குழல் பார்த்தேன், நாடி பார்த்தேன். ஆனால் எதையும் வாயால் சொல்லவில்லை. தேர்வாளர் காதில் விழுந்தால்தான் மதிப்பெண். "நீ மனசுக்குள்ள வைத்தியம் பாத்தியாம்மா? பொம்மை பொழச்சிருக்கும், நீ தேறல" என்றார். எனக்கு இது எப்படி வரும் அண்ணா? பள்ளியில் "வந்திருக்கிறேன்" என்று சொல்ல முடியாமல் எத்தனை நாள் வராதவளாக ஆகியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

அதனால் இப்போது வீட்டில் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். நேற்று அம்மா மிளகாய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். நான் ஓடிப்போய், "இடம் பாதுகாப்பாக இருக்கிறது, கையுறை அணிகிறேன், நோயாளி ஒருவர் மட்டுமே" என்று ஆரம்பித்தேன். அம்மா ரத்தம் சொட்டச் சொட்ட என்னையே பார்த்தாள். "யாருகிட்டடி பேசற? ஜெபமா?" என்றாள். "உனக்கு உணர்வு இருக்கிறதா, உன் பெயர் என்ன?" என்றேன். "ம்ம், பெத்தவ பேரு மறந்துபோச்சா? துணிய எடுடி முதல்ல" என்றாள். இன்று காலை மறுதேர்வில் தேறிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோடரி தீட்டும்போது கையுறை போட்டுக்கொள். அம்மா உன் படத்துக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றுவதை இன்னும் விடவில்லை. படம் புகை படிந்து கறுத்துவிட்டது, அதில் இப்போது உன் வயதைவிடப் பெரியவனாகத் தெரிகிறாய்.

உன் நலம் விரும்பும்,
ரெய்னா


விசாலியா
மே 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. ஆரஞ்சுப் பருவம் முடிகிற நேரம், கொட்டகையில் வேலை குறைந்திருக்கிறது. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. புல்லெல்லாம் காய்ந்து நிறம் மாறுவதைப் பார்க்கும்போது எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது. முன்பு அந்த நிறம் எனக்குப் பிடிக்கும்.

நான் வண்டியில் நேர்ப் பயிற்சிக்குச் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. மலையடிவாரத்தில் ஒரு தீயணைப்பு நிலையம். எனக்குப் பொறுப்பாக மைலீ என்ற பாராமெடிக்கைப் போட்டிருக்கிறார்கள். ஆசிய மலைகளிலிருந்து இங்கே வந்த மோங் இனக் குடும்பம், என்னைவிடச் சில வயதுதான் மூத்தவள். வாய் ஓயவே ஓயாது. வண்டி ஓட்டுபவரிடம் சண்டை, ரேடியோவிடம் சண்டை, குளிர்பெட்டியில் தன் சாதத்தை யார் நகர்த்திவைத்தார்கள் என்று சண்டை. நோயாளியின் முன்னால் போனதும் அதே வாய் அப்படி மென்மையாகிவிடுகிறது. கேப்டன் டூட்ரா பால்பண்ணைக் குடும்பத்துக்காரர், பெரிய மீசை, சொற்கள் குறைவு. முதல் நாள் நான் கூடத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் உட்காரப் போனேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் அதில் உட்காரக் கூடாதாம். பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு கடைசியாக உட்காரலாம், எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்கலாம். நம் வீட்டில் அம்மா செய்வதுதான். எனக்குக் கஷ்டமாக இல்லை.

இங்கே எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். சைலன்சர். "சைலன்சர், உப்ப எடு. சைலன்சர், உயிரோட இருக்கியா, ஒரு தடவ தும்மிக் காட்டு" என்று ஒரே கேலி. பிடிக்காமல் இல்லை. பிடித்தவர்களைத்தான் இவர்கள் கேலி செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மரியாதையாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார். நாடி இல்லை, மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்தினோம். கருவியில் இதயத்தின் கோடு, குழந்தை பென்சிலைப் பிடித்துக் கிறுக்கியது போல நடுங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் கொடுத்தோம். கோடு சமமாகிப் படுத்துவிட்டது. நான் செத்துப்போனார் என்று நினைத்தேன். அப்போது ஒரு மேடு வந்தது. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு மேடு. யாரோ இருட்டில் கதவைத் தேடித் தட்டுவது போல. பிறகு ஒழுங்காகத் தட்ட ஆரம்பித்துவிட்டது. மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் பழக்கூழ் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் இதெல்லாம் படித்துத்தான் இருந்தேன். ஆனாலும் அன்று வீடு திரும்பும்போது, தெருவில் நடக்கிற ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் யாரும் சொல்லாமலே அது தட்டிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் எனக்கு நடக்கவே முடியவில்லை.

ஆனால் அன்றும் எனக்குக் கிடைத்தது மோசமான மதிப்பெண்தான். பயிற்சியின் இந்தக் கட்டத்தில் நான்தான் தலைமை ஏற்க வேண்டும். யார் நெஞ்சை அழுத்துவது, யார் மருந்து எடுப்பது என்று நான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். நான் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் நானே எட்டி எட்டிச் செய்கிறேன். மைலீ அன்று வண்டிக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனாள். "உன் கை எனக்கு இல்லடி, தங்கமான கை. ஆனா நீ என்ன நினைக்கிறேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க என்ன ஜோசியமா பாக்கறோம்? உனக்குப் பின்னாடி நாலு பேரு உசுர கையில புடிச்சிட்டு நிக்கறோம், நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கற" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

பயிற்சியை நீட்டித்திருக்கிறார்கள். கோடை முடிவதற்குள் தலைமை ஏற்பதில் நான் தேற வேண்டும். தேறாவிட்டால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்துதான். அதற்கு நம்மிடம் வசதி கிடையாது, எனக்கும் தெம்பு இருக்காது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

நீ எழுதியதைப் பற்றி. விடுதலையானதும் பழத்தோட்டத்துக்கே போய்விடுகிறேன், சீருடையெல்லாம் நமக்கு எதற்கு என்று எழுதியிருக்கிறாய். நண்பர்கள் கடையை உடைத்தபோது நீ வெளியே காரில் உட்கார்ந்திருந்தாய். அதற்கான தண்டனை உனக்குக் கிடைத்துவிட்டது. குற்றப்பதிவு உள்ளவனுக்கு ஆம்புலன்ஸ் உரிமம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது உண்மைதான். ஆனால் முகாமில் தீயணைத்தவர்கள் விடுதலைக்குப் பிறகு நீதிபதியிடம் மனு கொடுத்து அந்தப் பதிவை நீக்கக் கேட்கலாம் என்று இப்போது சட்டம் இருக்கிறது. நீதிபதி மறுக்கவும் மறுக்கலாம். இடையில் ஒரு கடிதத்திலும் எழுதினேன், நீ அதற்குப் பதிலே எழுதவில்லை. நான் பேசாதவள் என்றால் நீ என்ன?

தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
ரெய்னா


விசாலியா
ஆகஸ்ட் 30

என் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் அலுவலர் ஐயா, இதை முழுக்கப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் எழுதியிருக்கும் நாளில் நானும் என் அண்ணனும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை.

அண்ணா, இந்த மாதம் எங்கள் மலையடிவாரத்தில் பிடித்த தீ உனக்குத் தெரியும். உங்கள் முகாம் வடக்கே எங்கோ தொலைவில் இருப்பதால் உன்னை இவ்வளவு தூரம் அனுப்பியிருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டாம் நாள் மதியம், மேலே காடு வெட்டிக்கொண்டிருந்த கைதிகள் குழுவில் ஒருவன்மேல் பாறை உருண்டு கால் முறிந்துவிட்டது என்று ரேடியோவில் வந்தது. எங்கள் வண்டிதான் பக்கத்தில் இருந்தது. பாதை முடிகிற இடத்தில் உங்கள் குழுவின் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த முகாமின் பெயரைப் பார்த்தேன். நான் உறையின் மேல் எழுதுகிற பெயர்.

உருண்ட பாறைக்குக் கீழே கிடப்பது நீயோ என்று நினைத்தேன். மைலீ என் முதுகில் பையைத் தூக்கி மாட்டி, "ஏறு" என்றாள். ஏறினேன். அந்தச் சரிவில் கையால் புல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது. வழி நெடுக ஆரஞ்சு உடுப்பில் ஆட்கள், எல்லோருக்கும் ஒரே கரி, ஒரே கண்ணாடி, வாயில் ஒரே துணி. யாரைப் பார்த்தாலும் நீ மாதிரியும் இருந்தது, நீ இல்லாத மாதிரியும் இருந்தது.

கிடந்தவன் ஆர்னெல் என்ற பிலிப்பைன்ஸ்காரன். நீ இல்லை. அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டேன். தொடை எலும்பு முறிந்து கால் குட்டையாகித் திரும்பியிருந்தது. மைலீ ஓரமாக நகர்ந்துகொண்டு, "நீ பாரு. நான் உன் அசிஸ்டென்ட்" என்றாள். வலிக்கு ஊசி போட்டு, காலை இழுத்து நேராக்கும் கட்டையைக் கட்டினேன். ஊசி வேலை செய்ததும் ஆர்னெல் பேச ஆரம்பித்துவிட்டான். "டாக்டரம்மா, முகாம்ல இன்னிக்கு மாட்டுக்கறி வறுவல். என் பங்க யாரும் தின்னக் கூடாதுன்னு ரேடியோவுல சொல்லிடுங்க" என்றான். அம்மா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பாள், கடைசியில் ஒருத்தனாவது என்னை டாக்டர் என்றான்.

அவனைக் கூடை ஸ்ட்ரெச்சரில் கட்டினோம். ஹெலிகாப்டரால் அந்தப் புகையில் இறங்கித் தூக்க முடியாது, மேலேயிருந்து தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. கையால்தான் இறக்க வேண்டும். உங்கள் குழுவின் கேப்டன் மேலே ஒரு பெரிய ஓக் மரத்தில் கயிற்றைச் சுற்றி, அதன் முனையை ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் கட்டினார். ஆறு பேர் தூக்கிக்கொண்டு இறங்க, மேலே இருப்பவர்கள் கயிற்றை விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர்களை அவர்களுக்குத் தெரியாது, புகை. ஹெலிகாப்டர் சத்தத்தில் ரேடியோவும் கேட்காது. அதனால் சரிவு நெடுக உங்கள் ஆட்கள் இடைவெளி விட்டு நின்றார்கள். கீழே நான் ஒரு சொல் சொன்னால் அடுத்தவன் அதை அப்படியே சத்தமாகச் சொல்ல வேண்டும், அவனுக்கு மேலே இருப்பவன் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், அப்படியே மரம் வரைக்கும். மரத்தடியில் இருப்பவன் செய்து முடித்ததும் பதில் அதே வழியாக இறங்கி வரும். நீங்கள் தினமும் செய்வதுதான் என்று ஒருவன் சொன்னான். "நம்ம லைன்ல சொன்ன சொல்லு நடுவுல எங்கயும் விழாதுக்கா. கீழ விழறது ஆளுங்க மட்டுந்தான்" என்று சிரித்தான்.

நோயாளியின் தலைமாட்டில் நிற்பவள்தான் சொல்ல வேண்டும். அது நான்.

முதல் தடவை "விடு" என்றபோது பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. "என்னக்கா?" என்றான். மறுபடி சொன்னேன். அவன் கத்தினான், மேலே ஒருவன், அதற்கும் மேலே ஒருவன். என் சொல் புகைக்குள் ஏறிப் போய் மறைந்தது. பிறகு கயிறு இளகியது. நாங்கள் இறங்கினோம். அண்ணா, நான் சொன்ன சொல்லுக்கு இவ்வளவு பேர் கையும் தோளும் அசையும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பாதி வழியில் ஆர்னெலின் பேச்சு நின்றது. குனிந்து பார்த்தேன். தாடை மார்பில் இறங்கிவிட்டது, குறட்டை மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. ஊசி அவனுக்கு அதிகமாக வேலை செய்துவிட்டது. மூச்சு விட மறந்து தூங்குகிறான். அங்கேயே நிறுத்தினால்தான் தாடையைத் தூக்கி மூச்சு கொடுக்க முடியும். ஆனால் கீழே நாங்கள் நின்றும் மேலே கயிறு நிற்காவிட்டால் மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். மைலீ கால்மாட்டில் இருந்தாள். அவளுக்கு அவன் முகம் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"நிறுத்து!" என்று கத்தினேன்.

அது என் தொண்டையிலிருந்து வந்தது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று ஒவ்வொரு குரலாக மேலே ஏறியது. கயிறு விண்ணென்று இறுகியது. ஸ்ட்ரெச்சர் அந்தரத்தில் நின்றது. ஹெலிகாப்டர் தண்ணீர் எடுக்க விலகியிருந்த அந்த நொடியில், மேலே, எல்லாக் குரல்களுக்கும் அப்பால், ஒரு குரல் பதில் சொன்னது. "நின்னாச்சு! புடிச்சிருக்கேன்!"

அண்ணா, இரண்டு வருடமாக உன் குரலைத் தொலைபேசியில்தான் கேட்கிறேன். நடுநடுவே அந்த இயந்திரப் பெண், இது சிறையிலிருந்து வரும் அழைப்பு என்று குறுக்கே பேசுவாள். இப்போது குறுக்கே யாரும் இல்லை. இடையில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் அதை எனக்காகத் திரும்பச் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள், ஆனால் அதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது.

நான் உறைந்துவிட்டேன் என்று மைலீ நினைத்திருக்கிறாள். "ரெய்னா! என்ன தெரியுது, சொல்லு!" என்றாள். அப்போது முதன்முதலாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சொன்னேன். மூச்சு இல்லை, நாடி இருக்கிறது, தாடையைத் தூக்குகிறேன், மூச்சு கொடுக்கும் பையை எடு, மருந்தை முறிக்கும் ஊசியை எடு, நீ காலைப் பிடித்துக்கொள், நீ குழாயைப் பிடி. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது, கைகள் பாட்டுக்குச் செய்துகொண்டே போயின. பை அமுக்க அமுக்க அவன் மார்பு ஏறி இறங்கியது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "வலிக்குதுக்கா" என்று அழுதான். அதைவிட இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

அந்த நேரம் முழுக்க ஸ்ட்ரெச்சரும் அவனும் அதைப் பிடித்து நின்ற நானும் அந்தக் கயிற்றில்தான் தொங்கினோம். அது ஒரு விரல்கூட இறங்கவில்லை.

உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். என் சொல்லை ஏற்றிக்கொண்டுபோனவர்கள் என் பெயரையும் ஏற்றியிருப்பார்கள். ஆனால் உன் கை கயிற்றில் இருந்தது, என் கை அவன் முகத்தில் இருந்தது. அதனால் "விடு" என்றேன். நீ "விடறேன்" என்றாய். "மெதுவா" என்றேன், "மெதுவா" என்றாய். "நிறுத்து" என்றேன், "புடிச்சிருக்கேன்" என்றாய். சாலை வரும்வரைக்கும் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் நீ பதில் சொன்னாய். யாருக்குச் சொல்கிறோம் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நான் கத்தி நீ கேட்டதே இல்லையே.

கீழே வந்து ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது மேலே பார்த்தேன். உங்கள் வரிசை மறுபடி தீயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. புகைக்குள் ஆரஞ்சுப் புள்ளிகள். கடைசிப் புள்ளி ஒரு தடவை நின்று, யாரும் விட்டுப்போகவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

ஆர்னெலுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, நடப்பான். முகாமுக்குத் தகவல் வந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அவன் பங்கு மாட்டுக்கறியை யார் தின்றது என்று அவனுக்கு நீதான் எழுத வேண்டும்.

நிலையத்துக்குத் திரும்பியதும் மைலீ என் மதிப்பெண்ணைப் போட்டாள். தேறிவிட்டேன். "இனிமே உன்ன சைலன்சர்னு கூப்பிட முடியாது, வேற பேரு யோசிக்கணும், எவ்வளவு தொந்தரவு பாரு" என்றாள். வண்டியோட்டி ஒரு பக்கம், "முதல் தடவை கத்தினவங்க ஐஸ்கிரீம் வாங்கணும், அதான் இங்க சட்டம்" என்று ஆரம்பித்துவிட்டார். இங்கே யார் எதை முதல்முறை செய்தாலும் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்க வேண்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகவே சொன்னேன். மேலே கயிற்றைப் பிடித்திருந்தது என் அண்ணன் என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கைதியின் தங்கை என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று இத்தனை நாள் நான் பயந்தது அந்த நேரத்துக்குத்தான். கேப்டன் டூட்ரா மீசையைத் தடவிக்கொண்டு, "வரிசைல அவன் எந்த எடம்?" என்று கேட்டார். கடைசி என்றேன். அம்மாவின் வருத்தத்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அம்மாகிட்ட சொல்லு. கடைசி எடத்த சும்மா எவனுக்கும் குடுக்க மாட்டாங்க. முன்னாடி போறவங்க யாராவது விட்டுப்போனா அவன்தான் பாக்கணும், அவனுக்குப் பின்னாடி ஆள் கெடையாது. அவன நம்பித்தான் எல்லாரும் முன்னாடி பாத்து நடக்கறாங்க" என்றார். பிறகு எழுந்து போய், அவரே பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். நான் தடுக்கப் போனேன். "உக்காரு" என்றார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். மைலீ அந்தச் சாய்வு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

அம்மாவிடம் கடைசி இடத்தைப் பற்றி மட்டும் சொன்னேன், பாறையைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் ரொம்ப நேரம் டோர்ட்டியா ரொட்டிக்கு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மறுநாள் கொட்டகை முழுக்க அது தெரிந்திருக்கும். நீயும் அவளிடம் பாறை பற்றி எழுதாதே.

உரிமத் தேர்வு அடுத்த மாதம். அதற்குப் பிறகு துறையின் தேர்வுகள். என்னால் முடியும் என்று முதன்முறையாகத் தோன்றுகிறது. ஆனால் அன்று அந்தச் சரிவில் நான் பார்த்ததை எந்தப் பள்ளியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உன்னிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. நீதிபதி உன் பதிவில் ஒரு காரைத்தான் பார்ப்பார், அந்தக் கயிற்றைப் பார்த்திருக்க மாட்டார். யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும். நீ மனுக் கொடுத்தால் நான் அவர் முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்கிறேன். மைலீயும் வருவாளாம், அவள் வந்தால் நீதிபதிக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது. மறுத்தால் மறுக்கட்டும், மறுபடி கொடுப்போம். ஆம்புலன்ஸ் வகுப்புக்கு நீ சேரும்போது என் புத்தகங்களில் அடிக்கோடு போட்டது போட்டபடி இருக்கும். இந்தத் தடவை மட்டும் பதில் எழுதாமல் இருந்துவிடாதே அண்ணா. சரி என்று ஒரு வரி போதும்.

இன்னும் மழைக்கு நாள் இருக்கிறது. காற்று திரும்புகிற மாதம் இது. அம்மா தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொல்லி என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், முந்தைய பக்கங்களைக் கவிழ்த்துவைத்துவிட்டேன். கடவுள் உன்னை எந்தப் பக்கத்திலிருந்தும் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும் என்கிறாள். என் சார்பில் சொல்ல எனக்கு அவ்வளவு பெரிய வார்த்தை வராது.

பார்த்து வா.

உன் தங்கை,
ரெய்னா கார்தெனாஸ்